வலப்பக்கத் தையல்

அந்த வீட்டில் யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் கைக்கொண்ட விதி ஒன்று இருந்தது. மகள் பட்டன் ஊசி போட்டுக்கொள்வதை வெளியார் கண்கள் பார்க்கக் கூடாது. அவளுடைய நோயின் பெயர் வெளியார் காதில் விழவும் கூடாது.

வீடு என்பது தையற்கடையின் பின்பாதி. முன்பாதியில் எந்நேரமும் ஆள் இருக்கும். ஆகவே விதியைக் காப்பாற்ற ஒரு சங்கேதம் தேவைப்பட்டது. "பட்டன், உனக்கு உள்ள ஒரு வேலை இருக்கு" என்று அம்மா சொன்னால், அளவு பார்க்கும் அறையின் திரை இழுக்கப்படும். அத்தை, துணி விளிம்பு அடிக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை மிதித்து இரைச்சலைக் கூட்டுவாள். கழுத்தில் டேப் தொங்க நிற்கும் தையற்காரர், வந்திருப்பவரிடம் கை நீளத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார். திரை மறுபடி திறக்கும்போது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒன்றுமே நடவாததுபோல், பொத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். அந்த டப்பாவோடு வளர்ந்ததால்தான் அவளுக்குப் பட்டன் என்ற பெயர்.

ஏழு வயதில் வந்த நோயை எட்டு ஆண்டுகள் இப்படி ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்திவைத்த குடும்பம் அது. அந்தத் திரை சென்ற வாரம் முதன்முறையாகக் கிழிந்தது. பள்ளி மாடிப்படியில் பட்டன் வியர்த்து, வாய் குழறி, சுவரோடு சரிந்தாள். அம்மா ஓடிப்போய், "காலையில சாப்பிடல, பசி மயக்கம்" என்று ஆசிரியைகளிடம் சொல்லி அழைத்துவந்துவிட்டாள்.

ஆனால் உள்ளூர் மருத்துவமனையின் சோதனைக் குச்சி பொய் சொல்லவில்லை. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது.

"இங்க எங்கிட்ட இருக்குறது ஒரு எடை மெஷின், மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ், வாரத்துல ஒரு நாள் வர்ற நான்" என்றார் அங்கே இருந்த மருத்துவர். "கண்ணுக்குள்ள படம் எடுக்கணும். கிட்னிக்குச் சரியா ஒரு டெஸ்ட் பண்ணணும். ரெண்டும் பெரிய ஆஸ்பத்திரியிலதான் முடியும். தள்ளிப் போடாதீங்க."

தள்ளிப்போடவில்லை. இன்று விடிந்ததும் தையற்காரரும் மகளும் பேருந்து ஏறினார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் "நூல் வாங்கப் போயிருக்காங்க" என்று சொல்வதாக அம்மா ஏற்பாடு.

*

பெரிய மருத்துவமனையின் நடைக்கூடம் நீளமானது. இருபுறமும் நாற்காலிகள், ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு எண். பட்டனின் கண்களில் மருந்து விட்டிருந்தார்கள். கருவிழி விரிந்து, கிட்டத்தில் இருப்பதெல்லாம் நீரில் நனைந்த எழுத்தாய்க் கலைந்தது.

தையற்காரருக்குக் காத்திருக்கத் தெரியாது. கைக்கு வேலை இல்லாதபோது கண்ணுக்கு வேலை கொடுப்பார்.

"அந்த டாக்டரம்மா கோட்டைப் பாரு. தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. ரெடிமேட்."

"அப்பா, சும்மா இருங்க. அவங்க என் கிட்னியைப் பார்க்கட்டும். நீங்க அவங்க தோளைப் பார்க்காதீங்க."

"பார்த்தா என்ன தேய்ஞ்சா போகும்?"

"போய் இன்ச் டேப்பை நீட்டாம இருந்தாச் சரி."

பக்கத்து நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். பட்டன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவள் வயதுப் பெண். குட்டைக் கைச் சட்டை. மேற்கையில், எல்லோரும் பார்க்கும்படி, ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது. மடியிலிருந்த கைபேசி இரண்டு முறை ஒலித்தது.

"என்னது அது?" என்றாள் பட்டன்.

"சென்சார். என் சுகர் எவ்வளவுன்னு போனுக்குச் சொல்லிட்டே இருக்கும். உனக்கு இல்லையா?"

அந்தச் சொல்லை இவ்வளவு உரக்க, இவ்வளவு சாதாரணமாக ஒருத்தி சொன்னதில் பட்டன் திகைத்துத் தந்தையைப் பார்த்தாள். அவரும் நடைக்கூடத்தை ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை.

"எனக்கு விரலைக் குத்திப் பார்க்குறதுதான்" என்றாள் பட்டன், குரலைத் தாழ்த்தி. "அதுக்கும் குச்சி மாசத்துக்கு ஒரு டப்பாதான் தருவாங்க. ரொம்ப முடியலன்னாத்தான் குத்துவேன்."

"நல்லவேளை. இது வாயை மூடாது. எங்கம்மா போனுக்கும் போகும், அப்பா போனுக்கும் போகும். நான் ஒரு சாக்லேட் தின்னா, எங்கம்மா ஆபீஸ் மீட்டிங்ல இருந்து போன் பண்ணித் திட்டுவாங்க."

"அப்ப உனக்கு எல்லாம் சரியாத்தானே இருக்கும்?"

அந்தப் பெண் கைபேசியைக் கவிழ்த்துவைத்தாள்.

"கண்ணுல லேசர் வச்சிருக்காங்க. போன வருஷம் முழுக்க போனை சைலண்ட்ல போட்டுட்டு, ஊசியையும் பாதி நாள் போடாம இருந்தேன். ஊசி போடலன்னா உடம்பு இளைக்கும்ல, அதுக்காக. மெஷின் கத்தத்தான் செய்யும். கையைப் பிடிச்சு ஊசி போட்டுவிடுமா?"

உலகத்தில் எல்லா வசதியும் இருக்கும் இடம் என்று பட்டன் கற்பனை செய்துவைத்திருந்த இடத்திலிருந்து ஒருத்தி வந்து, பக்கத்து நாற்காலியில், அதே மருந்து விட்ட கண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"இப்பப் போடுறியா?"

"போடுறேன். டைனிங் டேபிள்ல, அப்பா எதிர்ல உட்கார்ந்து. நீ எங்க போடுவ?"

"எங்க கடையில ஒரு திரை இருக்கு. அதுக்குப் பின்னாடி. ஸ்கூல்ல பாத்ரூம்ல. கூட்டமா இருந்தா விட்டுடுவேன். எங்க வீட்ல, யாரும் பார்க்கக் கூடாது."

"அப்ப நீ மயங்கி விழுந்தா?"

"விழுந்த பிறகு பார்ப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். தையற்காரர் சிரிக்கவில்லை.

*

தோள் இறங்கிய கோட்டை அணிந்த அதே மருத்துவர்தான் அவர்களை அழைத்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு தராசு, திரையில் ஒளிரும் எண்கள். அவர் எண்களை நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு நாள் முந்நூறு, மறுநாள் மயக்கம். அதே மருந்து, அதே அளவு, அதே சாப்பாடு. அப்படித்தானே?"

"ஆமா டாக்டர்" என்றாள் பட்டன். "நான் எதையும் திருடித் திங்கல. ஊர் டாக்டர் நம்பவே மாட்டேங்குறாங்க."

"நான் நம்புறேன். ஊசி எங்க போடுற, காட்டு."

பட்டன் பாவாடையின் வலப்பக்கத் தையலில் விரலை வைத்தாள். கை, துணிக்குள் நுழைந்து மறைந்தது. மருத்துவர் வியப்போடு குனிந்தார்.

"இது என்ன, பாக்கெட்டா?"

"பாக்கெட் இல்ல டாக்டர், வழி. அப்பா தைச்சது. துணியைத் தூக்காமலே போட்டுக்கலாம்."

தையற்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இப்போதுதான் பேச்சில் வந்திருந்தது.

"பக்கத் தையல்ல அரைச் சாண் விட்டுட்டு, உள்ள ஒரு பட்டி கொடுத்திருக்கேன். நடந்தாலும் ஓடினாலும் திறக்காது. உத்துப் பார்த்தாலும் தெரியாது. ஸ்கூல் யூனிபார்ம், வீட்டுத் துணி, எல்லாத்துலயும் உண்டு டாக்டர்."

"எல்லாத்துலயும் இதே பக்கமா?"

"அளவு மாறாம" என்றார் தையற்காரர்.

மருத்துவர் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்ல வேலை" என்றார். அதில் கேலி இல்லை. பிறகு பட்டனைக் கட்டிலில் படுக்கச்சொல்லி, அந்த வழிக்கு நேர் கீழே தொடையை மெல்ல அழுத்தினார். ஓரிடத்தில் விரல்கள் நின்றன.

"இங்க வலிக்குதா?"

"இல்ல. அங்கதான் வலிக்கவே வலிக்காது. அதனாலதான் அங்கேயே போடுவேன்."

"வலிக்காது. ஏன்னா ஒரே இடத்துல வருஷக்கணக்கா போட்டுப் போட்டு, கொழுப்பு கட்டியாகி ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. இதுக்குள்ள போற மருந்து ரத்தத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேராது. சில நாள் உள்ளேயே தேங்கி நிக்கும், அன்னைக்குச் சுகர் ஏறும். சில நாள் நெனைக்காத நேரத்துல இறங்கும், அன்னைக்கு நீ மாடிப்படியில சரிவ."

மருத்துவர் துணியை இழுத்துச் சமன்செய்தார். அப்போது தையற்காரரின் பார்வை மகளின் பாவாடை மேல் விழுந்தது. இடப்பக்கம் துணி நேராக விழுந்தது. வலப்பக்கம் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

அந்த மேட்டை அவர் அறிவார்.

சென்ற ஆண்டே அவருடைய கண் அதைப் பிடித்திருந்தது. சீருடையின் வலப்பக்கம் சரியாக விழவில்லை என்று, வெட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் ஒரு விரல் கூடுதலாக விட்டுத் தைத்தார். அதற்கடுத்த சீருடைக்கு இன்னும் அரை விரல். ஏன் விழவில்லை என்று ஒருமுறைகூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. உடம்பு எப்படி இருந்தாலும் துணியை அதற்கு இணங்கவைப்பதே தொழில் என்று பழகிய கை அது. நோய் காட்டிய அடையாளத்தைத் தன் கைத்திறத்தாலேயே அவர் மறைத்துவிட்டிருந்தார்.

"நான் தைச்சதாலயா டாக்டர்?"

மருத்துவர் அவரை நேராகப் பார்த்தார். "நீங்க நல்லாத் தைச்சிருக்கீங்க. கொஞ்சம் மோசமாத் தைச்சிருந்தா, இந்தப் பொண்ணு வேற இடத்துல போட்டிருக்கும்."

பட்டன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பாவுக்கு மோசமாத் தைக்கத் தெரியாது" என்றாள்.

*

அதன்பின் மருத்துவர் சொன்னவற்றைத் தையற்காரர் ஓர் அளவையும் தவறவிடாத கவனத்தோடு கேட்டுக்கொண்டார்.

சிறுநீரகத்தில் கசிவு இருப்பது உண்மை. ஆனால் தொடக்க நிலை. சர்க்கரை நிலைக்கு வந்தால் அது நின்றுபோகவும் கூடும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இடக்கண்ணின் படத்தில் ஒரு மூலை தெளிவாக இல்லை. கண் மருத்துவர் மாலையில் பார்ப்பார்.

"சந்தேகமா ஏதாவது இருந்தா இன்னைக்கே போன் பண்ணுவோம். போன் வரலன்னா அடுத்த தடவை பேசிக்கலாம்."

இனி அந்த இடத்தில் ஊசி கூடாது. கை, வயிறு, இடத்தொடை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அளவும் குறைய வேண்டும்; புது இடத்தில் மருந்து முழுவதும் ஏறும், பழைய அளவைப் போட்டால் ஆபத்து.

மதிய ஊசியை மருத்துவரின் எதிரிலேயே வயிற்றில் போட்டுக்கொண்டாள் பட்டன். உதட்டைக் கடித்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்ல இடம்னா கொஞ்சம் வலிக்கும்."

"டாக்டர்" என்றார் தையற்காரர். "வெளியில ஒரு பொண்ணு கையில ஒட்டியிருந்துச்சே. அது எங்களுக்குக் கிடைக்குமா?"

"பேர் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு முன்னாடி நிறையப் பேர் இருக்காங்க. எப்ப வரும்னு சொன்னா அது பொய்யாயிடும்." மருத்துவர் சற்று நிறுத்தினார். "இந்த ரெண்டு வாரம்தான் கவனம். அளவு மாத்தியிருக்கோம், சுகர் திடீர்னு இறங்கலாம். குச்சியும் உங்ககிட்டக் கம்மி. அதனால இவளோட கூட இருக்குறவங்கதான் இவளுக்கு மெஷின். வேர்த்தா, கை நடுங்கினா, சம்பந்தமில்லாமப் பேசினா உடனே சர்க்கரைத் தண்ணி கொடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியணும். வீட்ல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"வீட்ல மூணு பேருக்கும் தெரியும்."

"ஸ்கூல்ல?"

தையற்காரரும் பட்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடையில வந்துபோறவங்களுக்கு?"

தந்தையின் விரல்கள் மகளின் பாவாடை விளிம்பைப் பற்றி, தையலின் பிசிறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன. பிசிறு எதுவும் இல்லை.

*

அவர்கள் திரும்பியபோது கடையில் நல்ல கூட்டம். பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்கான உடைகளை அளவு பார்க்க வந்திருந்தார்கள். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு ராஜா அங்கிக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் ஊசிகளைத் துப்பினாள்.

"நூல் கிடைச்சுதா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அவளுடைய கண்கள் கேட்டது வேறு.

"உள்ள வா" என்றார் தையற்காரர்.

சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டே, கொடியில் கிடந்த பட்டனின் துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கசிவு என்ற சொல்லுக்கு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"துணியை எல்லாம் எதுக்கு எடுக்குறீங்க?"

"வழியை அடைக்கப்போறேன்."

"அடைச்சுட்டா? ஸ்கூல்ல எங்க போய்ப் போடுவா? பிள்ளைங்க முன்னாடியா?"

"ஆமா. பிள்ளைங்க முன்னாடிதான்."

"நல்லாயிருக்கு. இத்தனை வருஷமா கண்ணுல வச்சுக் காப்பாத்திட்டு..." அவள் அவர் தோளிலிருந்த பாவாடையைப் பற்றினாள். "உங்களுக்கு ஞாபகம் இல்லையா? ஒருநாள் கடையில வச்சுப் போட்டேனே. வந்திருந்த பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு, ஐயோ பாவம், ஐயோ பாவம்னு. அன்னைக்கு ராத்திரி இவ எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? பாவம்னா என்னம்மா, நான் செத்துப்போயிருவேனான்னு கேட்டா. ஏழு வயசுப் பிள்ளை. அதுக்குப் பிறகு எந்த நாயும் என் பிள்ளையைப் பாவம்னு சொல்லக் கூடாதுன்னுதான்..."

தையற்காரர் அவளருகே வந்தார்.

"நீ யார்கிட்டயும் எதையும் சொல்லல. நான் எதையும் கேட்கல. நீ திரையை இழுத்த, நான் தையலைப் பிரிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்."

"மூணு பேர்" என்றாள் வாசற்படியில் நின்ற அத்தை. அவள் எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. "வெறும் மெஷினை ஓட்டி ஓட்டி என் முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம். துணியே இல்லாம எத்தனை தடவை ஓட்டியிருக்கேன். வந்தவங்க எல்லாம் இந்தம்மாவுக்குக் கொஞ்சம் கழண்டுபோச்சுன்னு நினைச்சிருப்பாங்க."

பட்டன் சிரித்துவிட்டாள். அம்மாவால் முடியவில்லை.

"அண்ணி, நீங்களுமா?"

"நானும்தான். என் தம்பி மகளுக்கு வேர்த்துக்கொட்டுறப்ப, அவ கூட நிக்குறவ ஒண்ணும் தெரியாம விசிறிக்கிட்டு நிக்கணுமா?" அத்தை மேற்கொண்டு வாதிடவில்லை. தம்பியின் தோளிலிருந்த துணிகளில் பாதியை வாங்கிக்கொண்டாள். "சரி, நீ வெட்டு மேசைக்குப் போ. ராஜாவுக்கு அங்கி பத்தலையாம். இதை நான் அடைக்குறேன்."

போகும்போது திரும்பினாள். "ஆமா, உன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வந்ததும் மேசையில வச்சுட்டு வந்துட்ட, இந்தா. ரெண்டு தடவை. ஏதோ புது நம்பர்."

தையற்காரர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். எண்ணின் தொடக்கம் பெரிய மருத்துவமனை இருக்கும் ஊருடையது. திருப்பி அழைத்தார். மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மருத்துவமனை நேரம் முடிந்துவிட்டதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. மகளின் இடக்கண்ணையும் பார்க்கத் துணியவில்லை. "காலையில முதல் வேலையா பேசிக்கலாம்" என்றார், தனக்குத்தானே உத்தரவு போடுவதுபோல்.

*

விளக்கு வைக்கும் வேளை வந்தது. சாப்பாட்டுக்கு முந்தைய ஊசிக்கான நேரம்.

கடையில் ராஜா வேடம் போடும் பிள்ளையின் தாய் இருந்தாள். ஆண்டுவிழா நாடகத்தை நடத்தும் கண்ணாடி டீச்சர் இருந்தார். பட்டனுடைய வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் நெட்டை, கிழவி வேடத்துக்கான புடவை தன் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

"கிழவி குட்டையா இருக்கணும்னு டீச்சர்தான் சொன்னாங்க" என்றார் தையற்காரர்.

"நான் கதையில சொன்னேன்" என்றார் டீச்சர். "நீ வளர்ந்துட்டா நான் என்ன பண்ணட்டும்?"

பட்டன் சமையலறையில் விரலைக் குத்தி, குச்சி செருகிய மீட்டரை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா எண்ணைப் படித்தாள். நூற்று எழுபது. அளவை மருத்துவர் சொல்லியிருந்தார்: இதுவரை பத்து, இனி எட்டு.

"பட்டன்" என்றாள் அம்மா, பழக்கம் மாறாமல். "உள்ள ஒரு வேலை இருக்கு."

பட்டன் மருந்துக் குப்பியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். அளவு பார்க்கும் அறையின் சிறு விளக்கு மங்கலானது. உடம்பைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள அது போதும். ஊசிக்குழலின் கோடுகளை எண்ண அது போதாது. அவளுடைய கருவிழி இன்னும் விரிந்தே இருந்தது. கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக மிதந்தன. எட்டு எது, பத்து எது என்று தெரியவில்லை.

அம்மாவைக் கூப்பிடலாம். சமையலறைக்குத் திரும்பலாம். இரண்டும் எளிது. இரண்டிலும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

நாளை பள்ளியில் சமையலறை இருக்காது.

திரைக்கு வெளியே ஓவர்லாக்கின் இரைச்சலுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. அத்தை இயந்திரத்தை மிதிக்கவில்லை. கடையிலுள்ள ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்டது.

பட்டன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெட்டு மேசைக்கு மேல்தான் அந்தக் கடையிலேயே நல்ல வெளிச்சம். அவள் ராஜா அங்கியைச் சற்று ஒதுக்கினாள். குப்பியை வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடக்கையின் சட்டையைத் தோள்வரை சுருட்டினாள். ஊசிக்குழலில் மருந்தை இழுத்தாள்.

பேச்சு நின்றது. தையற்காரரின் கத்தரி பாதித் துணியில் நின்றது. அம்மா இரண்டே எட்டில் திரையருகே வந்தாள். அதன் விளிம்பைப் பற்றிய கை, எதை மறைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

"என்னம்மா இது?" கண்ணாடி டீச்சர் எழுந்தார். அவருடைய முகம், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே கடையில் சூழ்ந்துநின்ற முகங்களைப்போல் மெல்ல உருகியது. "ஊசியா? இந்த வயசுலயா? ஐயோ பாவ..."

"பாவமெல்லாம் இல்ல டீச்சர்" என்றாள் பட்டன். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "எனக்குச் சர்க்கரை நோய். ஏழு வயசுல இருந்து இருக்கு. அன்னைக்கு மாடிப்படியில விழுந்தது பசி மயக்கம் இல்ல. இனிமே நான் வேர்த்து உளறினா விசிறாதீங்க, சர்க்கரைத் தண்ணி கொடுங்க."

"நெட்டை, இங்க வா. என் கண்ணுல மருந்து விட்டிருக்காங்க, கோடு தெரியல. இது எதுல நிக்குதுன்னு பார்த்துச் சொல்லு."

கிழவிப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெட்டை வந்தாள். குனிந்தாள். மூக்கு ஊசிக்குழலில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"ஒன்பது."

"எட்டுல நிக்கணும். நான் மெதுவாத் தள்ளுறேன், நீ நிறுத்தச் சொல்லு."

"தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து."

பட்டன் திரையின் பக்கம் தலையைத் திருப்பினாள். அவளுக்கு அம்மாவின் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கை திரையை விட்டு இறங்கியது தெரிந்தது. அம்மா மேசைக்கு வந்து, நெட்டையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கடை முழுவதும் கேட்கும்படி கோட்டைப் படித்தாள்.

"எட்டு. சரியா இருக்கு, போடு."

புது இடம். வலித்தது. பட்டன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.